தடித்த ஒடுக்கத் தமிழ்த் தலைப்பெழுத்துரு: வரைவது முதல் பயன்படுத்துவது வரை

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. விகுதியும் வேற்றுமை உருபும் ஒட்டிக்கொண்டு "ஒருங்கிணைப்புக்குழுவினருக்கு" என்று ஓடுகிற சொல்லை ஒரு சுவரொட்டியின் அகலத்துக்குள் பெரிதாக வைக்க வேண்டுமென்றால், எழுத்தின் உயரத்தைக் குறைக்க வேண்டும் அல்லது அகலத்தை ஒடுக்க வேண்டும். உயரம் குறைந்தால் தலைப்பு தலைப்பாக இராது. அதனால்தான் செய்தித் தலைப்பு, சுவரொட்டி, பெயர்ப்பலகை, காணொளி முகப்புப் படம், பொட்டல அட்டை என எங்கு பார்த்தாலும் தமிழ் எழுத்தை யாரோ ஒருவர் மென்பொருளில் பக்கவாட்டில் அழுத்திப் பிழிந்திருக்கிறார்.

பிழிவதில் என்ன கெடுகிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு சாதாரணத் தடித்த எழுத்துருவில் செங்குத்துக் கோடு 140 அலகு, கிடைக்கோடு 115 அலகு என்று வைத்துக்கொள்வோம் (எழுத்துச் சட்டத்தின் உயரத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் அலகு). அதை 65 விழுக்காட்டுக்கு ஒடுக்கினால் செங்குத்துக் கோடு 91 ஆகிவிடும்; கிடைக்கோடு 115 ஆகவே நிற்கும். எழுத்தைத் தாங்க வேண்டிய தூண் மெலிந்து, மேலும் கீழும் உள்ள பட்டைகள் தடித்துப்போகும். வளைவுகள் ஓரிடத்தில் வீங்கி இன்னோரிடத்தில் கிள்ளியதுபோல் தெரியும். தடிப்பும் ஒடுக்கமும் சேர்ந்த எழுத்துருவை முதலிலிருந்து வரைவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ரோமன் எழுத்துகளில் இந்த வகைக்கு நீண்ட மரபு உண்டு. 1827இல் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்துக் கடையும் பொறியை உருவாக்கியதும், 1834இல் வில்லியம் லெவன்வர்த் அதில் பான்டோகிராஃபை, அதாவது ஒரு வடிவத்தைத் தொடர்ந்து வேறு அளவில் நகலெடுக்கும் கருவியைச் சேர்த்ததும், ஒரே வடிவத்தைப் பல அகலங்களில் மலிவாக வெட்ட வழிசெய்தன. 1903இல் மோரிஸ் ஃபுல்லர் பென்டனின் ஆல்டர்னேட் காதிக், 1954இல் வால்டர் ஹெட்டன்ஷ்வைலரின் ஷ்மால்ஃபெட்டே க்ரோடெஸ்க், 1963இல் ஃப்ரெட் லாம்பர்ட்டின் காம்பாக்டா, 1965இல் ஜெஃப்ரி லீயின் இம்பாக்ட் என்று அந்த வரிசை நீள்கிறது. கொடுத்த அளவுக்குள் முடிந்தவரை மையை நிரப்புவதே இம்பாக்டின் நோக்கம். ரோமன் எழுத்தில் அது நடக்கும், ஏனென்றால் அதன் பெரும்பாலான வடிவங்கள் இரண்டு தூண்களும் நடுவில் ஒரு வெள்ளையும் கொண்டவை. தமிழில் ட-வுக்கு ஒரு தூண், ப-வுக்கு இரண்டு, ம-வுக்கு மூன்று, மூன்று சுழி ண-வுக்கு அதற்கும் மேல். ஆகவே தமிழில் கறுப்பை நிரப்பிக்கொண்டே போக முடியாது. எழுத்துக்குள் எவ்வளவு வெள்ளை மிஞ்ச வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, மீதியைத்தான் கறுப்புக்குக் கொடுக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றின் விரிவுதான்.

1. தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

எழுத்துரு எந்த அளவில் வாழப்போகிறது என்று முதலில் எழுதி வையுங்கள். 24 புள்ளிக்கு மேல் மட்டும் என்றால் உள்வெளிகளை, அதாவது எழுத்துக்குள் இருக்கும் வெள்ளைகளைத் துணிந்து குறைக்கலாம். கைப்பேசித் திரையில் 18 பிக்சலிலும் தலைப்பாக வரும் என்றால் அந்தத் துணிச்சல் கூடாது. இரண்டுக்கும் ஒரே வரைவு பொருந்தாது. இரண்டும் வேண்டுமென்றால் ஒரே எழுத்துருவில் தடிப்பைக் கூட்டிக் குறைக்கும் அச்சு (axis) ஒன்று வைத்து, சற்று மெலிந்த முனையைச் சிறிய அளவுக்கு ஒதுக்குங்கள்.

1000 அலகுச் சட்டத்தில், மிகவும் தடித்த ஒடுக்க எழுத்துக்குத் தொடக்கமாகக் கொள்ளத்தக்க அளவுகள் இவை. ரோமன் பெரிய எழுத்தின் உயரம் 720. தமிழ் எழுத்தின் உடல் உயரம் 640. புள்ளியின் உச்சி 830, மேல்விலங்கின் (கி, கீ ஆகியவற்றில் மேலே வரும் குறியின்) உச்சி 840. அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும் வால்களின் எல்லை 200. செங்குத்துக் கோடு 150, கிடைக்கோடு 110. ப-வின் உள்வெளி 110. நேரான பக்கத்தின் பக்கவெளி, அதாவது எழுத்துக்கு வெளியே அந்தப் பக்கம் விடும் வெள்ளை, 40.

இதன்படி ப-வின் கறுப்பகலம் 150, 110, 150 சேர்ந்து 410. இருபுறப் பக்கவெளியோடு 490. அகலம் உயரத்தில் ஏறத்தாழ 64 விழுக்காடு. இரண்டு ப அடுத்தடுத்து நின்றால் நடுவிலுள்ள வெள்ளை 80. அது உள்வெளியான 110ஐவிடக் குறைவு. இந்த உறவு தலைகீழானால், அதாவது எழுத்துகளுக்கு இடையிலான வெள்ளை எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையைவிடப் பெரிதானால், சொல் தனித்தனித் தூண்களாக உதிர்ந்துவிடும். ஒடுக்க எழுத்துருக்களில் மிக அதிகம் காணும் குறை இதுதான்.

மென்பொருள் உங்கள் விருப்பம். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், கிளிஃப்ஸ், ஃபான்ட்லேப், ரோபோஃபான்ட் ஆகியவை பணம் கொடுத்து வாங்குபவை. எதில் வரைந்தாலும் வளைவின் உச்சப் புள்ளிகளில் முனை வைப்பதும், வளைவை இழுத்து உருவாக்கும் கைப்பிடிகளைக் கிடையாகவோ நெடுக்காகவோ வைப்பதும் கட்டாயம். தடித்த எழுத்தில் சிறு கோணல்கூடக் கையகல மேடாகத் தெரியும்.

2. ஆறு எழுத்துகளில் முழு எழுத்துருவையும் தீர்மானிப்பது

அகர வரிசையில் வரையத் தொடங்காதீர்கள். ப, ட, ம, ன, ண, க ஆகிய ஆறும் முடிந்தால் மற்றவற்றின் விதி தானாகத் தெரிந்துவிடும்.

ப-வில் தொடங்குங்கள். கோட்டின் தடிப்பு, உள்வெளி, மூலையின் குணம் மூன்றையும் நிர்ணயிப்பது அதுதான். மூலை கூராக இருக்குமா, 20 அலகு மழுங்கியிருக்குமா என்று இங்கேயே முடிவு செய்யுங்கள்.

ட-வின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. ஒரே தூண், கீழே ஒரு பட்டை; வலப்புறம் முழுதும் திறந்த வெள்ளை. பட்டையை ப-வின் அகலத்துக்கு நீட்டினால் சொல்லின் நடுவே ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். பட்டையின் நீளத்தை 330 முதல் 350க்குள் நிறுத்தி, வலப்பக்கவெளியை 15 அளவுக்குக் குறையுங்கள். மீதியை கெர்னிங், அதாவது குறிப்பிட்ட எழுத்து ஜோடிகளுக்கு மட்டும் இடைவெளியைத் திருத்துவது, பார்த்துக்கொள்ளும்.

ம-வில் மூன்று தூண்கள் வருகின்றன. மூன்றும் 150 என்றால் எழுத்து கரும்பாறையாகும். வெளித்தூண்கள் இரண்டுக்கும் 140, நடுத்தூணுக்கு 130, வெள்ளைகள் 85, 85; மொத்தம் 580. கண் இந்த வேறுபாட்டைப் பிடிக்காது. ப-வும் ம-வும் ஒரே தடிப்பாகவே தெரியும். எல்லாக் கோடும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற எழுத்துருவில்தான் ம, ய, ஞ மட்டும் தனியாகக் கறுத்து, பக்கத்தில் கறைகளாகத் தெரியும்.

இனி ண. இந்த வகை எழுத்துருவின் தேர்வுத்தாள் இதுவே. நடு உயரத்தில் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஐந்து கருங்கோடுகள் வரை வரும். ஐந்தும் 150, இடைவெளி நான்கும் 110 என்று போட்டால் 1190. அது ப-வின் அகலத்தைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு. வெளிக்கோடுகள் 120, உட்கோடுகள் 90, வெள்ளைகள் 60 என்றால் 750, 1.8 மடங்குதான். இதற்குமேல் நெருக்கினால் 60 அலகு வெள்ளை அச்சில் மை பரவி மூடிவிடும்.

அகலத்தை மட்டும் நம்பாமல் உயரத்தையும் பயன்படுத்துங்கள். ண-வின் முதல் சுழியை முழு வட்டமாக மூடாமல், உள்முனையை நடு உயரத்திலேயே வெட்டி நிறுத்தினால் அதன் கீழே நல்ல வெள்ளை கிடைக்கும். சுழிகள் சேரும் இடங்களில் உட்கோட்டை 70 வரை மெலிக்கலாம். ஆனால் சுழிகளின் எண்ணிக்கையில் கை வைக்கக் கூடாது. ன-வுக்கு இரண்டு, ண-வுக்கு மூன்று என்பதை வாசகர் எண்ணிப் பார்ப்பதில்லை, அகலத்தைக் கொண்டே உணர்கிறார். அதனால் ன-வைவிட ண குறைந்தது 25 விழுக்காடு அகலமாக இருக்கட்டும். "மனம்" என்பதும் "மணம்" என்பதும் தூரத்திலிருந்தே பிரிந்து தெரிய வேண்டும்.

க-வில் இடப்புற வளையத்தின் உள்வெளிதான் முதலில் அடைபடும். மேல்பட்டை, நடுப்பட்டை, கீழ்வளைவு என மூன்று கிடைக்கோடுகள் 640 உயரத்துக்குள் அடுக்கப்படுகின்றன. 110 வீதம் 330 கறுப்புக்கே போய்விடும், மீதி 310. அதை மேலே சற்றுக் குறைவாகவும் கீழே சற்று அதிகமாகவும் பங்கிடுங்கள். நடுப்பட்டையை மட்டும் 95 ஆக்கினால் மூச்சு விடும். க சரியாகிவிட்டால் ச, த இரண்டும் அதன் மேல்பாதியைக் கடன் வாங்கிக்கொள்ளும்.

3. வளைவைச் சதுரமாக்குவது

ஒடுக்க எழுத்தில் வட்டம் வட்டமாக இருக்க முடியாது. வட்ட வளைவுக்குக் கைப்பிடியின் நீளம் ஆரத்தில் ஏறத்தாழ 55 விழுக்காடு. இங்கே அதை 70 முதல் 75 வரை நீட்டுங்கள். பக்கங்கள் நேராகி, தோள்கள் சதுரமாகி, உள்ளே வெள்ளை கூடும். 80ஐத் தாண்டினால் பெட்டி போலாகிவிடும். ல, வ, ள மூன்றும் தங்கள் முகத்தை இழந்துவிடும்.

உட்புற வளைவு வெளிப்புற வளைவின் நகலாக இருக்கக் கூடாது. அதை இன்னும் கொஞ்சம் சதுரமாக வையுங்கள். அடிக்கோட்டையும் மேல்கோட்டையும் வளைவுகள் 8 முதல் 10 அலகு வரை மீறட்டும். வழக்கமான 12 இங்கே தேவையில்லை, வளைவின் உச்சி ஏற்கெனவே தட்டையாக இருக்கிறது.

இரண்டு தடித்த கோடுகள் கூரான கோணத்தில் சேரும் இடங்களில் கறுப்பு தேங்கும். ன-வின் சுழிகள் பிரியும் அடி, ம-வின் நடுத்தூண் அடிப்பட்டையைத் தொடும் இடம், ழ-வின் வால் புறப்படும் இடம் ஆகிய மூன்றும் முக்கியம். அங்கே 15 முதல் 25 அலகு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் கீறல் கொடுங்கள். சிறிய அளவில் அது மூலையில் மை தேங்கி அடைக்காமல் காக்கும் மைப்பொறியாக (ink trap) வேலை செய்யும். சுவரளவு பெரிதாக அச்சிடும்போது அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியும், அதைப் பண்பாக ஏற்றுக்கொள்வதா ஒளிப்பதா என்பது உங்கள் தேர்வு. கண்ணுக்குத் தெரிந்தாலும் எல்லா எழுத்திலும் ஒரே கோணத்தில் இருந்தால் அழகாகவே இருக்கும்.

4. மேலும் கீழும்: புள்ளி, விலங்கு, வால்

ரோமன் பெரிய எழுத்துத் தலைப்புகளை வரிமேல் வரியாகச் செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கலாம். தமிழில் மேல்வரியின் "கு" இறங்கி வரும், கீழ்வரியின் "ன்" ஏறி வரும், இரண்டும் மோதும். தமிழ்த் தலைப்பெழுத்துரு செங்குத்தாகவும் ஒடுங்க வேண்டும். பலர் மறக்கிற பாதி இது.

புள்ளிக்கு 140 அகலம், 130 உயரம், எழுத்தின் தலைக்கும் அதற்கும் நடுவே 60 வெள்ளை. இடைவெளி 40க்குக் கீழே போனால் புள்ளி எழுத்தோடு ஒட்டி "ன்" என்பது ஏதோ ஒரு மேடு வைத்த "ன" ஆகிவிடும். தமிழில் புள்ளி போனால் சொல்லே போய்விடும், அதனால் இதில் சிக்கனம் வேண்டாம். வட்டத்தைவிடச் சற்றே சப்பையான, மூலை மழுங்கிய வடிவம் இந்த எழுத்துருவோடு நன்றாகச் சேரும். எழுத்தின் கணித மையத்தில் வைக்காமல் கறுப்பின் மையத்தில் வையுங்கள். ட்-டில் தூணின் பக்கம் சற்றுச் சாய வேண்டும்.

மேல்விலங்கு எழுத்தின் வலத்தூணிலிருந்தே கிளம்புவதால், "கி", "மி", "ணி" ஒவ்வொன்றிலும் சேரும் உயரம் வேறு. ஒரே குறியை எல்லாவற்றோடும் ஒட்டவைத்தால் சிலவற்றில் இடைவெளி தெரியும், சிலவற்றில் முட்டும். 18 மெய்க்கும் தனித்தனியாக இகர, ஈகார வடிவங்கள் வரைந்துவிடுவதே நல்லது, 36 வடிவங்கள். டி, டீ இரண்டும் எப்படியும் தனி வடிவங்கள்தாம். ஈகாரத்தின் சுழிக்குள் 45 அலகு வெள்ளையாவது வேண்டும். அது அடைந்தால் "கி", "கீ" வேறுபாடு மறையும்.

உகர, ஊகார வரிசை இன்னும் 36. இவை மூன்று குடும்பங்கள். சு, பு, யு, வு, ஙு ஆகியவற்றில் நேரான கோடு கீழே இறங்குகிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை வளைந்து சுற்றுகின்றன. ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகியவற்றில் வால் மடங்கி வலப்புறம் ஏறுகிறது. குடும்பத்துக்கு ஒன்று வரைந்து சரிபார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். இரண்டாம் குடும்பத்தில்தான் உள்வெளி மிகக் குறைவு. "ழு"வில் வாலும் சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று வருவதால், கீழே செல்லும் கிடைக்கோட்டை 85 வரை மெலித்தால்தான் 200 அலகுக்குள் அடங்கும். மூன்றாம் குடும்பத்தில் ணு, ணூ, ஞூ மூன்றும் முழு எழுத்துருவிலேயே மிக அகலமானவை. அவற்றை முதலில் வரைந்து பார்த்தால், நீங்கள் தேர்ந்த தடிப்பு தாங்குமா என்பது அன்றே தெரிந்துவிடும். நூறு எழுத்து வரைந்த பிறகு தடிப்பைக் குறைக்க நேராது.

ர, ற, த, ந, ழ, ஏ ஆகியவற்றின் வால்களுக்கு முழு 200 தேவையில்லை, 110 முதல் 130 போதும். ஆனால் ர-வின் வாலை வெட்டிவிடும் சபலத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். வால் இல்லாத ர-வும் துணைக்காலும் ஒன்றே. எ, ஏ இரண்டையும் பிரிப்பதும் அந்த ஒரு வால்தான்.

5. இடைவெளியும் கெர்னிங்கும்

இடைவெளி இட "பபபப" என்று தொடங்கி, பிறகு "பபடபப", "பபமபப", "பபணபப" என்று ஒவ்வொரு எழுத்தையும் ப-க்களின் நடுவே நிறுத்துங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சாம்பல் நிறம் ஒரே சீராக ஓட வேண்டும். வளைந்த பக்கத்துக்கு 25 முதல் 30, நேரான பக்கத்துக்கு 40, திறந்த பக்கத்துக்கு 10 முதல் 20.

கொம்புக்கும் காலுக்கும் தனிக் கவனம் தேவை. "கொ" என்பது மூன்று துண்டுகள், ஆனால் ஒரே எழுத்தாக வாசிக்கப்பட வேண்டும். கொம்பின் இடப்பக்கவெளி 45, வலப்பக்கவெளி 25; துணைக்காலின் இடப்பக்கவெளி 25, வலப்பக்கவெளி 40. தனக்குரிய மெய்யோடு நெருங்கி, அடுத்தவரிடமிருந்து விலகி நிற்கும். இரு பக்கமும் ஒரே அளவு வைத்தால் "பாகொ" போன்ற இடத்தில் எந்தக் குறி எந்த மெய்யுடையது என்று கண் தடுமாறும்.

கெர்னிங் ஜோடிகள் நூற்றுக்கணக்கில் தேவைப்படாது. ட-வுக்குப் பின் வருபவற்றுக்கு 20 முதல் 40 குறைப்பு. ர, ற போன்றவற்றின் வாலுக்கு அடுத்து இறங்கும் சு, கு வந்தால் 10 முதல் 25 கூட்டல். மேல்விலங்கின் தொங்கலுக்கு அடுத்து புள்ளி வந்தால், எடுத்துக்காட்டாக "மின்", "கிண்" ஆகியவற்றில், மோதல் உண்டா என்று பார்த்துக் கூட்டுங்கள். குழுக்களாக வகுத்தால் ஒரே நாளில் முடிகிற வேலை.

6. ரோமன் எழுத்தும் எண்களும்

தமிழ்த் தலைப்பில் ரோமன் சுருக்கப்பெயரோ எண்ணோ வராத நாளில்லை. ரோமன் பெரிய எழுத்து 720 உயரம் என்பதால் அதன் தூண் 156 அளவில் இருந்தால்தான் தமிழின் 150க்கு இணையாகத் தெரியும். முதலில் எச், ஓ, என் மூன்றையும் வரைந்து தமிழோடு ஒரே வரியில் வைத்துப் பாருங்கள். எண்களை 680 உயரத்தில் வையுங்கள். தமிழுக்கும் ரோமனுக்கும் நடுவே அமர்ந்து இரண்டோடும் சேரும். விளையாட்டுப் பலகை, நேரம், விலை ஆகியவற்றுக்கு பத்து எண்களும் ஒரே அகலத்தில் இருக்கும் மாற்று வரிசை ஒன்று தேவை. 430 அகலம் பொருந்தும்.

7. எழுத்துருவைப் பொறியாக்குவது

ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு மூன்றும் யூனிகோடில் மெய்க்குப் பின்னால் பதிவாகின்றன. திரையில் முன்னால் கொண்டு வருவது, எழுத்துகளை வரிசைப்படுத்திக் காட்டும் மென்பொருளான வடிவமைப்புப் பொறியின் (shaping engine) வேலை. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரண்டாகப் பிரிப்பதும் அதுவே செய்யும். ஆகவே "கொ", "கோ" என்று தனி வடிவங்கள் வரைந்து நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் பொறுப்பு, இகர உகர வரிசைக் கூட்டெழுத்துகள், க்ஷ, ஸ்ரீ, புள்ளி எழுத்தின்மேல் எங்கே அமர வேண்டும் என்று குறிக்கும் நங்கூரங்கள் (anchors). ஸ்ரீக்கு இரண்டு தட்டச்சு வரிசைகள் உண்டு: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. இரண்டும் ஒரே வடிவத்துக்குப் போக வேண்டும். எழுதிய விதிகளை 'டி-ஏ-எம்-எல்', 'டி-எம்-எல்-2' என்ற இரு எழுத்துமுறைக் குறிச்சொற்களின் கீழும் சேர்த்துவிடுங்கள். புள்ளிகளால் ஆன வட்டமான புள்ளிவட்டம் (◌) என்ற குறியையும் வையுங்கள். இல்லாவிட்டால் தனித்து நிற்கும் குறிகளுக்குப் பெட்டி தெரியும்.

வரி உயரத்துக்கு மேல் 880, கீழ் 220, வரியிடை 0. மூன்று இடங்களில் கேட்கப்படும் இந்த எண்களை ஒன்றாகவே வையுங்கள். விண்டோஸுக்கான மேல்கீழ் எல்லை மிகக் குறைவாக இருந்தால் மேல்விலங்கின் தலை வெட்டுப்படும். அந்தப் புகார் வந்தால் வடிவத்தைத் தேடாதீர்கள், இந்த எண்ணைத் தேடுங்கள்.

எழுத்துருக் கோப்பில் குறிக்கும் அகல வகுப்பு 3, ஒடுக்கம். இன்னும் இறுக்கமென்றால் 2. தடிப்பு வகுப்பில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரே தடிப்புள்ள தலைப்பெழுத்துருக்களை "ரெகுலர்" என்று பெயரிட்டு 400 என்றே வைப்பது வழக்கம். ஆன்டன், பெபாஸ் நியூ இரண்டும் அப்படித்தான் வருகின்றன. பயன் என்னவென்றால் மென்பொருள்கள் குழம்புவதில்லை. கேடு என்னவென்றால், வலைப்பக்கத் தலைப்புகளுக்கு உலாவி தானாகத் தடிப்பு கேட்கும். எழுத்துரு 400 என்று சொல்வதால் உலாவி அதன்மேல் போலித் தடிப்பு பூசும். ண, ழு, ஞூ எல்லாம் அடைந்துபோகும். பக்கத்தின் பாணிக்கோப்பில் (CSS) தலைப்புக்குத் தடிப்பை "நார்மல்" (normal) என்று எழுதுங்கள், அல்லது போலித் தடிப்பை அனுமதிக்கும் ஃபான்ட்-சின்தசிஸை (font-synthesis) "நன்" (none) ஆக்குங்கள். எழுத்துருவோடு தரும் குறிப்பில் இந்த வரியைச் சேர்த்தே அனுப்புங்கள்.

தடிப்பையோ அகலத்தையோ நகர்த்தி மாற்றக்கூடிய மாறியல் எழுத்துருவாக்க (variable font) விரும்பினால், அச்சின் எல்லைகளுக்காக வரையும் எல்லா முனை வரைவுகளிலும் புள்ளிகளின் எண்ணிக்கை, வரிசை, தொடக்கப் புள்ளி மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ண-வில் வெளிக்கோடும் உட்கோடும் வெவ்வேறு வேகத்தில் தடிக்க வேண்டியிருப்பதால், இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு இடை வரைவு பெரும்பாலும் தேவைப்படும். தமிழில் அகல அச்சு எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க நோட்டோ சான்ஸ் தமிழ், அனெக் தமிழ் இரண்டையும் திறந்து பாருங்கள். முன்னதில் அகலம் 62.5 விழுக்காடு வரையும் பின்னதில் 75 வரையும் ஒடுங்கும். ண-வையும் ப-வையும் மட்டும் பக்கத்தில் வைத்து அச்சை நகர்த்தினால், கோடுகள் எங்கே மெலிகின்றன என்பது கண்முன் தெரியும்.

8. சோதனை

அழகான சொற்களை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. தொண்ணூறு, மண்ணுருண்டை, கண்ணுக்குள், ஞாயிற்றுக்கிழமை, குழுக்கூட்டம், பூஞ்சை, அஞ்ஞானம், ஔவை, விழுப்புண், மூக்குத்தூள் என்று கடினமானவற்றை அடுக்குங்கள். குழம்பக்கூடிய ஜோடிகளைத் தனியே அச்சிடுங்கள்: எ ஏ, ஒ ஓ, ன ண, ல வ, ர ா, ழ மு, கி கீ, லு லூ.

ஒரே தாளில் 18, 24, 36, 72 புள்ளி அளவுகளில் அச்சிட்டு சுவரில் ஒட்டி, 3 மீட்டர் தள்ளி நின்று, தமிழ் தெரிந்த, வடிவமைப்பு தெரியாத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறாரோ அந்த எழுத்தை மீண்டும் திறக்க வேண்டும். கறுப்பில் வெள்ளையாகவும் அச்சிட்டுப் பாருங்கள். திரையில் வெள்ளை எழுத்து தன்னளவைவிடத் தடித்துத் தெரியும். அச்சிலோ சுற்றியுள்ள மை உள்ளே பரவி எழுத்தை மெலிக்கும்.

9. பயன்படுத்துவோருக்கு

வரி உயரம் தமிழில் 1.15 முதல் 1.3 வரை. 1.0க்கு இறக்கினால் "கு"வும் புள்ளியும் மோதும். குறிப்பிட்ட தலைப்பில் மேல்வரியில் இறங்கும் எழுத்தே இல்லை என்றால் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் இறுக்கலாம். பெரிய சுவரொட்டிகளில் வரிகளை இப்படி ஒவ்வொன்றாகக் கையால் அமைப்பதே நல்ல வேலை.

எழுத்திடைவெளியை 72 புள்ளிக்கு மேல் தொடாதீர்கள். 24 புள்ளிக்குக் கீழே வந்தே தீர வேண்டும் என்றால் 2 விழுக்காடு கூட்டுங்கள். அதற்குமேல் விரித்தால் கொம்பும் காலும் தங்கள் மெய்யை விட்டுப் போகும். இரண்டு வரிக்கு மேல் இந்த எழுத்துருவில் எழுதாதீர்கள். மூன்றாவது வரியிலிருந்து கண் களைத்து, சொற்களின் உருவம் கலங்கத் தொடங்கும். துணைத்தலைப்புக்கும் உடல் எழுத்துக்கும் அகலமான, நடுத்தரத் தடிப்புள்ள வேறொரு எழுத்துருவை எடுங்கள். இன்னொரு ஒடுக்க எழுத்துருவைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கும்.

ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரில் கொம்பு இடம் மாறி, கூட்டெழுத்து உடைந்து தெரிந்தால் எழுத்துருவைக் குறை சொல்வதற்கு முன் எழுத்துப் பொறியின் அமைப்பைப் பாருங்கள். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளின் விருப்பத்தேர்வுகளில் மத்தியக் கிழக்கு, தெற்காசியப் பொறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழி விருப்பங்களை இயக்கி, பத்திப் பலகத்தில் அதே பெயருள்ள கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சிட்ட உரை யூனிகோடு எழுத்துருவில் குப்பையாகத் தெரிவது வேறு கதை. உரையை முதலில் மாற்றித்தான் ஆக வேண்டும்.

நிறத்தில், 14 புள்ளிக்கு மேற்பட்ட தடித்த எழுத்துக்கு 3க்கு 1 என்ற ஒளிவேறுபாடே போதும் என்று வலை அணுகல் வழிகாட்டுதல் சொல்கிறது. அது பொது எழுத்துக்கான வரம்பு. உள்வெளி இவ்வளவு குறுகிய தமிழ் எழுத்துக்கு 4.5க்கு 1 என்பதையே தளமாகக் கொள்ளுங்கள். புகைப்படத்தின் மேல் வைக்கும்போது வெளிக்கோடு பூசுவதாக இருந்தால், அது எழுத்தின் வெளிப்பக்கம் மட்டுமே படர வேண்டும். நடுவில் படரும் கோடு உள்ளிருக்கும் 60 அலகு வெள்ளையைத் தின்றுவிடும்.

பலகைக்கு 3 மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் எழுத்துயரம் என்பது பழகிய கணக்கு. அந்த உயரத்தை மேல்விலங்கின் உச்சியிலிருந்து அளக்காதீர்கள். ப-வின் உடல் உயரத்தை அளக்க வேண்டும். வினைல் வெட்டும் வேலைக்குக் கோப்பை அனுப்பும் முன் எழுத்தை வெளிக்கோடாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று படிந்த வடிவங்களை இணைத்துவிடுங்கள். இணைக்காவிட்டால் கத்தி "ணு"வின் நடுவே குறுக்கே ஓடும். இந்த அளவுகளின்படி உடல் உயரம் 40 மில்லிமீட்டர் என்றால் ண-வின் உள்வெள்ளை 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. உரித்தெடுக்கும்போது பக்கத்துக் கோடும் கூடவே வரும். துளைத் தகடாக (ஸ்டென்சில்) வெட்டி வண்ணம் பூசுவதற்கு இந்த எழுத்துருவை அப்படியே பயன்படுத்த முடியாது. வ, ள, ன, ண ஆகியவற்றின் மூடிய சுழிகளுக்குள் இருக்கும் தீவுகள் உதிர்ந்து விழும். அவற்றுக்கு 25 அலகு அகலத்தில் பாலம் போட்ட தனி வடிவங்களை மாற்றுத் தொகுப்பாக எழுத்துருவிலேயே சேர்த்துவிடலாம். பாலத்தைச் சுழியின் பக்கத்தில் போடாமல் அடியில் போட்டால் வாசிப்புக் கெடாது.